துப்பறிவாளர்கள் குடியிருந்த அலமாரி

2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வி.சி.ஆர். தயாரிப்பதை நிறுத்தியது. உலகத்தில் அதைக் கடைசிவரை செய்துகொண்டிருந்தது அந்த ஒரு நிறுவனம்தான். 2023 செப்டம்பர் 29 அன்று நெட்ஃபிளிக்ஸ் தன் கடைசி டிவிடிகளைத் தபாலில் அனுப்பியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகளும் சினிமா டிஸ்க் விற்பனையைக் கைவிட்டன. மூன்றுமே வணிகப் பக்கத்துச் செய்திகளாக வந்து போயின. அவற்றோடு சேர்ந்து ஒரு பழக்கமும் போய்ச் சேர்ந்தது. 1930, 40களின் ஹாலிவுட் துப்பறியும் படத் தொடர்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, வரிசைப்படி வீட்டில் அடுக்கிவைக்கும் பழக்கம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்கான இரங்கல் இது.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை பெரிய படமாக எடுக்கப்பட்டவை அல்ல. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில், இரண்டாவது படமாக ஓட்டுவதற்கென்று எடுத்தவையே அதிகம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் 1939 முதல் 1946 வரை 14 படங்கள். மிஸ்டர் மோட்டோவாகப் பீட்டர் லோரே 8 படங்கள். சார்லி சானாக வார்னர் ஓலண்ட், அவர் 1938இல் இறந்தபின் சிட்னி டோலர், அவருக்குப் பின் ரோலண்ட் விண்டர்ஸ் என்று மூவருமாக 44 படங்கள்.

தொடர் என்றால் வரிசை முக்கியம். ஃபால்கன் படங்களில் முதலில் துப்பறிவாளராக வந்தவர் ஜார்ஜ் சாண்டர்ஸ். 1942இல் வந்த படத்தில் அவருடைய பாத்திரம் இறந்துவிடுகிறது. அவருடைய வேலையைச் சகோதரர் ஏற்கிறார். அந்தச் சகோதரராக நடித்த டாம் கான்வே, நிஜத்திலும் சாண்டர்ஸின் உடன்பிறந்தவர். முந்தைய மூன்று படங்களையும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்த இடத்தில் மனசு கனக்கும். அதை மட்டும் தனியாகப் பார்க்கிறவருக்கு அது இன்னொரு கொலை.

1977இல் மிச்சிகனிலிருந்த மேக்னெடிக் வீடியோ என்ற சிறு நிறுவனம் ஃபாக்ஸ் ஸ்டூடியோவிடம் 50 படங்களுக்கு உரிமை வாங்கி, கேசட்டாக விற்கத் தொடங்கியது. வீட்டில் சினிமா வாங்கிவைக்கலாம் என்ற எண்ணமே அங்குதான் வேர்பிடித்தது. ஆனால் ஸ்டூடியோக்கள் துப்பறியும் தொடர்களைச் சீக்கிரத்தில் வெளியிடவில்லை. ரசிகர்கள் உள்ளூர் சேனல்களின் நள்ளிரவு ஒளிபரப்புக்காகக் காத்திருந்து, விளம்பரம் வரும்போது நிறுத்தி, முடிந்ததும் ஓடவிட்டு, தாங்களே பதிவுசெய்துகொண்டார்கள். இப்படிப் பதிவுசெய்வது திருட்டு என்று வழக்குப் போட்ட ஸ்டூடியோக்களில் முன்னே நின்றது யூனிவர்சல். ராத்போனின் 14 ஹோம்ஸ் படங்களில் 12ஐத் தயாரித்த அதே யூனிவர்சல். 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது குற்றமில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி நின்றிருந்தால் அந்த அலமாரிகள் பலவும் உருவாகியே இருக்காது.

பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் நான்கு ஹோம்ஸ் படங்கள் பொதுச் சொத்தாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம். 'தி உமன் இன் கிரீன்' அவற்றில் ஒன்று. தள்ளுபடிக் கூடையில் கிடக்கும் அந்த கேசட்டைக் கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும். டேப்பை மிச்சப்படுத்த, இரண்டு மணி நேர கேசட்டில் ஆறு மணி நேரத்தை அடைக்கும் மெதுவான வேகத்தில் பதிந்திருப்பார்கள். ராத்போனின் கூர்மையான மூக்கு பின்னால் இருக்கும் சுவரோடு கலந்துவிடும். லண்டன் பனிமூட்டம் எது, பிரிண்டின் அழுக்கு எது என்று பிரிக்க முடியாது. வசனத்துக்கு அடியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் வாங்கினோம். அதைவிட நல்ல பிரிண்ட் எங்கோ இருக்கிறது என்று நம்பித்தான் வாங்கினோம்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. திரைப்பட ஆவணக் காப்பகம் யூனிவர்சலின் 12 ஹோம்ஸ் படங்களையும் மீட்டெடுத்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் பிளேபாய் பத்திரிகையின் ஹ்யூ ஹெஃப்னரும் ஒருவர். அவை டிவிடியாகவும், 2011இல் ப்ளூரேயாகவும் வந்தபோது, பல ஆண்டுகளாக மனப்பாடமாகத் தெரிந்த காட்சிகளில் மேசைமேல் என்னென்ன இருக்கிறது என்பதை முதல்முறையாகப் பார்த்தேன்.

எல்லாப் படங்களுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1937 ஜூலை 9 அன்று நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸின் ஃபிலிம் கிடங்கு தீப்பிடித்தது. கோடை வெயிலில் நைட்ரேட் ஃபிலிம் தானாகவே பற்றிக்கொண்டது. 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். ஃபாக்ஸின் மௌனப் படங்களில் பெரும்பகுதி சாம்பலானது. வார்னர் ஓலண்ட் சானாக நடித்த முதல் ஐந்து படங்களில் இன்று மிஞ்சியிருப்பது 'தி பிளாக் கேமல்' ஒன்றுதான். மற்ற நான்கும் யாரிடமும் இல்லை.

ஓலண்டின் முதல் சான் படமான 'சார்லி சான் கேரீஸ் ஆன்' அந்த நான்கில் சேர்த்தி. ஆனால் பேசும் படத்தின் ஆரம்ப காலத்தில் டப்பிங்குக்குப் பதிலாக, அதே கதையை ஸ்பானிய நடிகர்களை வைத்து மறுபடியும் எடுப்பார்கள். அப்படி 1931இல் மனுவேல் ஆர்போ சானாக நடித்த 'எரான் ட்ரேசே' பிழைத்துக்கொண்டது. 2006இல் ஃபாக்ஸ் வெளியிட்ட முதல் சார்லி சான் டிவிடி தொகுப்பில் அதையும் இணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். ஓலண்ட் எப்படி நின்றிருப்பார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தியிருப்பார் என்று ஊகித்துக்கொண்டே அதைப் பார்த்த இரவு எனக்கு மறக்காது.

சான் படங்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சீனத் துப்பறிவாளராக நடித்த மூவருமே வெள்ளையர்கள். ஓலண்ட் ஸ்வீடனில் பிறந்தவர். அது அநியாயம்தான். 2003இல் ஆசிய அமெரிக்க அமைப்புகளின் எதிர்ப்பால் ஃபாக்ஸ் மூவி சேனல் இந்தப் படங்களின் ஒளிபரப்பை விலக்கிக்கொண்டது. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் படங்களில் மூத்த மகனாக வரும் கீ லுக் சீனாவில் பிறந்த நடிகர். அவருடைய துறுதுறுப்பையும் சேர்த்துத்தான் பூட்டிவைத்தார்கள். டிவிடி வந்தபோது, சானுக்குத் தூண்டுதலாக இருந்த ஹொனலூலு போலீஸ்காரர் சாங் அபானாவைப் பற்றிய ஆவணப்படமும் கூடவே வந்தது. தவறையும் வரலாற்றையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான வழி.

இப்போது இவற்றில் சில இணையத் தளங்களில் கிடைக்கின்றன. ஒரு தொடரில் இரண்டு இருக்கும், நடுவில் ஐந்து இருக்காது. உரிமை முடிந்தால் இருப்பதும் மறுநாள் காணாமல் போகும். ஃபாக்ஸ் படங்கள் 2019இல் டிஸ்னியின் கைக்குப் போய்விட்டன; மோட்டோவையும் சானையும் அங்கே யார் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்? சில சிறு நிறுவனங்கள் இன்னமும் பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடுகின்றன, அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் சாதாரண மனிதர் சாதாரணக் கடையில் ஒன்றை வாங்கி, அடுத்ததைத் தேடிக் கிளம்பும் காலம் முடிந்துவிட்டது.

சேர்த்தவையும் நிரந்தரம் இல்லை. டேப்பில் பூஞ்சை பிடிக்கிறது. 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகள் சில கெட்டுப்போவதை வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. வெளியில் கீறலே இருக்காது, பாதிப் படத்தில் நின்றுவிடும்.

உங்கள் வீட்டிலோ, காலமான உறவினர் வீட்டுப் பரணிலோ பழைய கேசட்டும் டிஸ்க்கும் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் உடனே நகலெடுத்துவையுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால், வேண்டுகிறவர் யார் என்று விசாரித்து, வரிசையைப் பிரிக்காமல் மொத்தமாக அவரிடம் கொடுங்கள்.