கணக்கேடு திறந்த வாசல்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் காலை வேளையில் பயணம் செய்வோர், காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் பலரைக் காணலாம். அவர்களுள் இயந்திரத்தின் முன் நிற்போர் ஒரு சாரார். கணக்கறையில் அமர்வோர் மற்றொரு சாரார். பள்ளியிறுதி வகுப்பை முடித்த கையோடு, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கவும் சரக்கிருப்பைச் சரிபார்க்கவும் அமர்த்தப்பட்ட இளைஞன், தான் அமர்ந்திருக்கும் இருக்கைக்குப் பின்னே நெடியதொரு வரலாறு இருப்பதை அறியமாட்டான். அவனுடைய தந்தையும் அறியமாட்டார். அறிந்திருந்தால், மகன் கொண்டுவரும் முதல் மாதச் சம்பளத்தைக் கண்டு முகம் சுளிக்கமாட்டார்.

அவ்வரலாற்றை இம்மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பல ஊர்களும் அதனுள் அடங்கியிருந்தன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் அந்த ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். அவருக்குத் துணைநின்றவை, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பனையோலையில் எழுதிவைத்திருந்த கணக்குகளே. விளைச்சலில் யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் அக்கணக்குகளில் பதிவாகியிருந்தது. கணக்கெழுதியவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

அக்காலத்துச் சிறுவன் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகினான். எண்சுவடியை மனப்பாடம் செய்தான். இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி ஆகியவையெல்லாம் அவன் நாவில் புரண்டன. ஆயினும், ஊர்க்கணக்கு எழுதும் உரிமை கற்றவனுக்கெல்லாம் கிட்டவில்லை. அது தந்தைவழி மகனுக்குச் சென்றது. வேறு குடியில் பிறந்தவன் எத்துணைக் கூரிய அறிவினனாயினும், அந்த ஓலை அவன் கைக்கு வரவில்லை. தமிழகத்தில் கர்ணம் பதவி 1980 நவம்பரில் ஒழிந்தது. கர்ணங்களின் இடத்திற்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பள்ளியிறுதி வகுப்பில் தேறி, அரசுப் பணியாளர் தேர்வை எழுதி வென்ற எவரும் அமரக்கூடிய இருக்கையாக அது மாறிற்று. பிறப்பு காத்துநின்ற வாசலைப் படிப்பு திறந்தது என்பதே இதன் பொருள்.

கணக்குத்துறை நமக்கு அயலானதும் அன்று. வசூல், பாக்கி, ரசீது, ஜமாபந்தி, தாசில் என்று தமிழ்க் கணக்கர் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து வந்தவை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுதவேண்டும் என்பதை அது வலியுறுத்துகிறது. கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை நடத்திய நம் முன்னோர், ஊரிலிருந்து அழைத்துச்சென்ற பையனை முதல் நாளே பேரேட்டின் முன் அமர்த்திவிடவில்லை. அவன் முதலில் சரக்கைக் கட்டினான். பின்னர்ச் சிட்டை எழுதினான். கையும் நாணயமும் தேறிய பிறகே பேரேடும் பெட்டிச் சாவியும் அவனிடம் வந்தன. இன்று பயிற்சிக்காலம் என்று நாம் சொல்வது அதனையே.

கணக்கறையில் குறைந்த ஊதியத்தில் தொடங்கியவர்களுள் உலகமே அறிந்த தமிழர் ஒருவர் உண்டு. கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பில் சிறந்து விளங்கிய சீனிவாச இராமானுசன், கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமல் கல்லூரிப் படிப்பை நிறைவு செய்ய இயலாதவரானார். 1912-இல் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிகமாகப் பணிபுரிந்தார். அதே ஆண்டு மார்ச் 1-ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு அவர் வரைந்த புகழ்பெற்ற மடல், தாம் ஒரு கணக்குப் பிரிவு எழுத்தர் என்ற அறிமுகத்தோடுதான் தொடங்குகிறது. அவ்வலுவலகத்தில் மேலவராயிருந்த நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய திறனைக் கண்டுகொண்டு கைதூக்கிவிட்டனர். எல்லோரும் இராமானுசனாகிவிட முடியாதுதான். ஆனால், சிறிய இருக்கை ஒன்று அவருக்கு இரண்டு நன்மைகளைத் தந்தது: வீட்டுக்கு உணவு; தகுதியறிந்த மேலவரின் பார்வை. இவ்விரண்டும் முதற்சம்பளத் தொகையில் அடங்குவன அல்ல.

கணக்குத் தணிக்கை ஒரு தொழிலாக இந்நாட்டில் ஒழுங்குபெற்றது அதன் பின்னரே. 1918-இல் பம்பாயில் அரசினர் கணக்கியல் பட்டயம் தோன்றியது. 1949 சூலை 1-ஆம் நாள் சட்டத்தின் வழியே பட்டயக் கணக்காளர் கழகம் பிறந்தது. 1959-இல் அடக்கவிலைக் கணக்காளர்க்கும் தனிச்சட்டம் வந்தது.

பெண்மக்களைப் பெற்றோர் அறியவேண்டிய பெயர் ஒன்றும் இதில் உண்டு. நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்த ஆர். சிவபோகம், 1933-இல் கணக்கியல் பட்டயம் பெற்று இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளரானார். சிறை சென்றவர் இத்தொழில் நடத்தலாகாது என்று எழுந்த தடையை எதிர்த்து வென்று, 1937-இல் சென்னையில் தனித்தே தொழில் தொடங்கினார். சிறைக்கதவும் அடைக்காத வாசலை நம் வீட்டுக் கதவுகள் அடைக்கலாமா?

காக்களூருக்குத் திரும்புவோம். அங்குள்ள இளைஞன் ஓலையைத் தொடுவதில்லை. 1986-இல் பிறந்த டேலி நிறுவனத்தின் கணிப்பொறிக் கணக்கு முறை அவன் விரல்நுனியில் இருக்கிறது. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபின், சிறு பட்டறைகள் பலவற்றுக்கும் உரிய காலத்தில் கணக்கு ஒப்படைக்கும் கடமை நேர்ந்தது. அதனால் கணக்கறிந்தவனின் தேவையும் பெருகிற்று. கூட்டலைப் பொறி செய்துவிடும். ஆனால் எந்த ரசீது மெய், எது பொய், எந்தச் செலவு எந்தத் தலைப்பில் சேரும் என்று காணும் கண்ணைப் பொறி தராது. அது மூத்தவர் ஒருவரின் அருகமர்ந்து பெறுவது.

நம் வீடுகளில் நிகழ்வது என்ன? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், உடனே பணம் வரும் வழி எது என்று தேடுகிறோம். கடவுச்சீட்டு எடுக்கக் காட்டும் விரைவைப் பட்டயக் கணக்காளரின் அடித்தளத் தேர்வுக்குப் பதிவு செய்வதில் காட்டுவதில்லை. அடித்தளம், இடைநிலை, இறுதி என்னும் மூன்று தேர்வுகள்; இடையே தணிக்கையாளர் ஒருவரிடம் பயிற்சி. நெடுநாள் மூன்றாண்டாக இருந்த பயிற்சிக்காலம் 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டாகக் குறைந்துள்ளது. பயிற்சியின்போது கிடைக்கும் உதவித்தொகை சிறியது. தேர்வுகளும் எளியன அல்ல. முழுப்பாதையையும் கடக்க இயலாதவர், கணக்கறையில் பணிபுரிந்தவாறே அஞ்சல்வழியில் வணிகவியல் பட்டம் பெறலாம்.

அந்தச் சில ஆண்டுகளில் குடும்பம் பொறுத்திருக்கிறதா என்பதே இனி எழும் வினா. பிறப்பு என்ற தடை போயிற்று. பொறுமையின்மை என்ற தடை நிற்கிறது. முன்னதை நீக்கச் சட்டம் வேண்டியிருந்தது. பின்னதை நீக்க நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலைப்பொழுது, மகனையோ மகளையோ அருகமர்த்திப் பேசினால் போதும்.