வறிதாதல் என்னும் கருத்து: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருள் குறைந்துபோவதைச் சொல்லத் தமிழிலே சொற்களுக்குக் குறைவில்லை. குளம் வற்றும், மதி தேயும், மீன்வளம் அருகும், நிலம் சாரமிழக்கும், களஞ்சியம் வெறுமையாகும், குலம் அற்றுப்போகும். ஆங்கிலத்திலோ ‘டிப்ளீஷன்’ என்னும் ஒரு சொல்லே இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஈடுகொடுக்கின்றது. புவியியற் பாடத்துக்காக ஆங்கில நூலொன்றின் அதிகாரத்தைத் தமிழிற் சுருக்கி எழுத வேண்டியிருந்தபோது, அச்சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் வெவ்வேறு விதமாக மொழிபெயர்க்க நேர்ந்தது. முதலில் அதனை என் ஆங்கில அறிவின் குறைபாடு என்றே கருதினேன். சொல் ஒன்றாயினும் அதனைக் கையாளுந் துறைகள் கருதும் பொருள் ஒன்றன்று என்பது பின்னரே புலனாயிற்று. இக்கட்டுரையில் அதனை ‘வறிதாதல்’ எனக் குறிப்பிடுவேன். எது வறிதாயிற்று, எவ்வாறு வறிதாயிற்று, அவ்வாறு தீர்ப்புக் கூறுபவர் யார் என்னும் வினாக்களுக்குத் துறைதோறும் விடை மாறுபட்டு வந்துள்ளமையை, சிறப்பாக மன்னார்க் குடாவின் முத்துப் பார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இங்கு நோக்கமாகும்.

இலத்தீன் மூலத்தில் இச்சொல் நிரம்பியதை வெறுமையாக்குதலைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அது செல்வாக்குப் பெற்ற இடங்களுள் முதன்மையானது மருத்துவம் என்பது நம்மிற் பலருக்கு வியப்பளிக்கலாம். உடலில் குருதி மிகுவதே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை நிலவிய காலத்தில், நாளத்தைக் கீறிக் குருதியை வடித்தலே வறிதாக்கல் எனப்பட்டது. வறிதாக்கல் அன்று கேடன்று, சிகிச்சை. 1793இல் பிலடெல்பியா நகரை மஞ்சட் காய்ச்சல் வாட்டியபோது பெஞ்சமின் றஷ் என்னும் மருத்துவர் இம்முறையையே பெரிதும் நம்பினார். பாரிஸ் நகரில் புரூசே என்பார் அட்டைகளைக் கொண்டு இதனைச் செய்வித்தார். 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சு 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. ஐரோப்பாவின் குட்டைகளிலும் சதுப்புகளிலும் இருந்த மருத்துவ அட்டை இதனால் அருகலாயிற்று. நோயாளியை வறிதாக்கியோர், தம்மையறியாமல், குட்டைகளையும் வறிதாக்கினர்.

நிலத்தினின்றும் அகழப்படும் பொருள்களுக்கு இச்சொல் வந்தபோது அதன் பொருள் எளிதாயிருக்கும் என நாம் எதிர்பார்க்கலாம். பானையில் உள்ள அரிசி போல, எடுக்க எடுக்கக் குறையும், ஒருநாள் தீரும். ஆனால் 1865இல் பிரித்தானியாவின் நிலக்கரி பற்றி நூல் எழுதிய ஸ்ரான்லி ஜெவன்ஸ் அவ்வாறு கூறவில்லை. நிலக்கரி தீர்ந்துபோகும் என்பதன்று அவரது அச்சம். ஆழம் கூடக்கூட அகழ்வதற்கான செலவு கூடும், அச்செலவே நாட்டின் முதன்மையை முறிக்கும் என்பதே. எந்திரங்கள் சிக்கனமாக எரிப்பதனால் நிலக்கரி மிஞ்சாது, மலிவாகும் வலுவை மக்கள் இன்னும் மிகுதியாகவே நுகர்வர் என்றும் அவர் வாதிட்டார். பிரித்தானியாவின் நிலக்கரி உற்பத்தி 1913இல் உச்சத்தை எட்டியது. அங்கு கடைசியாக எஞ்சியிருந்த ஆழ்சுரங்கம் 2015இல் மூடப்பட்டபோது கரி நிலத்தடியில் இருக்கவே செய்தது. பானையில் அரிசி இருக்க அடுப்பு அணைந்த கதை இது.

கணக்கியலார் கையில் இச்சொல் பட்ட பாடு வேறு. ஐக்கிய அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றின் உரிமையாளர், தம் வளம் குறைந்துவருவதைக் காட்டி வருமான வரியில் கழிவு பெறலாம் எனச் சட்டம் அனுமதித்தது. 1926இல் அக்கழிவு மொத்த வருமானத்தின் 27.5 சதவீதம் என நிர்ணயிக்கப்பட்டது. கிணறு தோண்டச் செலவான முழுத்தொகையும் மீண்ட பின்னரும் கழிவு தொடர்ந்தது. 1969இல் இவ்வீதம் 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, 1975இல் பெருங் கம்பனிகளுக்கு நிறுத்தப்பட்டது. எண்ணெய் வற்றினாலும் வற்றாதது அதன் வறிதாதற் கழிவே எனலாம்!

பௌதிகவியலில் இச்சொல் மேலும் விலகிச் செல்கின்றது. குறைகடத்திகளின் சந்தியில் ஏற்றங்காவிகள் நீங்கிய படை ஒன்று உண்டு. அதனையும் இச்சொல்லாலேயே வழங்குவர். அங்கு ஒருவருக்கும் நட்டமில்லை. அப்படை இன்றேல் இருவாயி தொழிற்படாது. யுரேனியத்திலோ இச்சொல் நம்மை ஏமாற்றுகின்றது. இயற்கை யுரேனியத்தில் 0.7 சதவீதமளவில் உள்ள 235 என்னும் சமதானியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுவது ‘வறிதாக்கப்பட்ட’ யுரேனியம் எனப்படும். வறிதானது அச்சமதானியில் மட்டுமே. எஞ்சிய உலோகம் ஈயத்தினும் அடர்த்தி மிக்கது. தன் கதிர்த்தொழிற்பாட்டின் பெரும்பகுதியையும் இழவாதது. 1991 வளைகுடாப் போரில் கவச வாகனங்களைத் துளைக்கும் எறிபடைகளாக அது பயன்பட்டது. எதில் வறிதானது எனக் கேளாமல் இப்பெயரைக் கேட்டு அமைதியடைவது பேதைமை.

இனி நம் கடலுக்கு வருவோம்.

மன்னார்க் குடாவின் இருகரையிலும் முத்துக் குளித்தல் மிகப் பழையது. கொற்கையின் முத்துக்குளிப்பைக் கிரேக்க மாலுமிகளின் ‘பெரிப்புளூஸ்’ கூறுகின்றது. 1344இல் இங்கு வந்த இபுன் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியின் முத்துகளைக் கண்டு எழுதியுள்ளார். இலங்கைக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களுக்கு மேற்கே கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என வழங்குவர். முத்துச் சிப்பிகள் ஒட்டி வாழ்வது இப்பார்களிலேயே. சிப்பி ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகளில் முத்தெடுக்கத் தக்க பருவம் அடையும். அதன்பின் சில ஆண்டுகளில் தானே இறந்து முத்தும் மணலோடு போகும். ஆகவே முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம். அரசினர் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்பை அறிவித்தனர். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளிப்போருக்கு. ஏனைய இரு பங்கும் அரசுக்கு. சுறாக்களின் வாயைக் கட்டும் ‘கடல்கட்டி’களுக்கும் குளிப்பில் ஓரிடம் இருந்தது. ஆங்கில உத்தியோகத்தர் அவர்களை நகைத்தனராயினும் நீக்கத் துணிந்திலர். அவர்களின்றிக் குளிப்போர் கடலில் இறங்கமாட்டார் என்பதை அறிந்திருந்தனர்.

இக்குளிப்புகளின் ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். ஒல்லாந்தர் காலத்தில் 1732 முதல் 1746 வரையும், பின்னர் 1768 முதல் 1796 வரையும் இலங்கைப் பார்களிற் குளிப்பில்லை. பிரித்தானியர் கைப்பற்றியதும் 1796, 1797, 1798 என மூன்றாண்டுகள் தொடர்ந்து பெருவருவாய் கிடைத்தது. பின்னர் 1838 முதல் 1854 வரை ஒன்றுமில்லை. 1864 முதல் 1873 வரை மீண்டும் ஒன்றுமில்லை. 1891இல் நல்ல குளிப்பு. அதன்பின் 1902 வரை வெறுமை. ஒவ்வொரு வெறுமையின்போதும் ‘பார்கள் வறிதாயின’ எனக் குரல் எழுந்தது. ஒல்லாந்தர் மிகுதியாக எடுத்தனர் என்றும், களவாக எடுத்தனர் என்றும், நீரோட்டம் மாறிற்று என்றும், திருக்கை மீன்கள் தின்றன என்றும் காரணங்கள் கூறப்பட்டன. நிலக்கரியின் தர்க்கம் உயிருள்ள ஒன்றின்மீது ஏற்றப்பட்டமையை இங்கு காண்கிறோம். தீர்ந்துபோன சுரங்கம் மீண்டும் நிறைவதில்லை. பாரோ நிறைந்தது, மனிதன் குறித்த தவணையில் மட்டும் நிறையவில்லை.

இப்புதிரை ஆராய முதலில் அமர்ந்தவர் இலங்கையிற் பிறந்த மருத்துவர் கேலாட். 1857 தொடக்கம் அவர் அறிக்கைகள் எழுதினார். சிப்பி தன்னை ஒட்டியிருக்கும் நாரை விடுத்து வேறிடத்தில் மீண்டும் ஒட்டவல்லது என்பதைக் கண்டார். 1902 ஜனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல் என்பாரைத் துணையாகக் கொண்டு இங்கு வந்தார். அவ்வாய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

அவ்வறிக்கையில் என் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி பெரிய பார் பற்றியது. குளிப்போர் அதனைத் ‘தாய்ப் பார்’ என்றனர். அங்கு எண்ணிறந்த சிப்பிக் குஞ்சுகள் தோன்றும்; பின் மறைந்துவிடும். தாய்ப் பாரிற் பிறந்தவை ஏனைய பார்களுக்குக் குடிபெயர்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஹேர்ட்மன் இதனை ஏற்றிலர். 1902 மார்ச்சில் அவரும் அப்பாரிற் குஞ்சுகள் செறிந்திருக்கக் கண்டார். ஆண்டிறுதியிற் பார்த்தபோது அவை இல்லை. திறந்த கடலை நோக்கிய அப்பாரைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அலைத்து, குஞ்சுகளைச் சரிவிற்கு அப்பாலுள்ள ஆழத்துக்கு அடித்துச் சென்றிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆதலின் அங்குள்ள குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து நடலாம் என்றார். மிகைக் குளிப்பே முதற் காரணம் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

விஞ்ஞான நோக்கில் இம்முடிவு வலுவானது என்றே எண்ணுகிறேன். எவரும் குளியாத நீண்ட காலங்களிலும் பார்கள் வெறுமையாயிருந்தமைக்கு வேறு விளக்கம் எளிதன்று. ஆயினும் அது அரசாங்கத்துக்கு மிகவும் உவப்பான முடிவு என்பதையும் வரலாற்று மாணவன் மறத்தலாகாது. குறை இயற்கையினதாயின், மூலதனமும் முயற்சியும் அதனை வெல்லும். வெல்லக் கூடியதை விலைக்குக் கொடுக்கலாம். 1903 முதல் குளிப்புகள் தொடர்ந்தன. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 இலட்சம் ரூபா வருமானம் வந்தது. ஆளில்லாக் காடாயிருந்த மரிச்சுக்கட்டி சில வாரங்களுக்குப் பல்லாயிரவர் வாழும் நகரமாயிற்று. அடுத்த ஆண்டே, 1906இல், ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகைக்கு 20 ஆண்டுகளுக்குப் பார்கள் ஒரு இலண்டன் கம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டன. 1907இன் பின் கம்பனிக்குக் குளிப்பதற்குச் சிப்பியில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. 1925இல் மீண்டும் ஒரு பெருங் குளிப்பு நிகழ்ந்தது. இலங்கைக் கரையில் அதற்கு நிகரான ஒன்று பின்னர் நிகழவில்லை. எதிர்க்கரையாகிய தூத்துக்குடியில் 1961 வரை குளித்தனர். இதற்கிடையில் யப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்திருந்தது. கடலடியில் சிப்பி குறைந்ததோ, மேலே முத்தின் விலை குறைந்ததோ எனப் பிரித்தறிவது அதன்பின் கடினம்.

ஏடுகளில் இன்று ‘முத்துவளம் வறிதாயிற்று’ என்னும் ஒரு வரி காணப்படுகின்றது. அவ்வரியின் எழுவாய் சிப்பி. மூன்றிலொரு பங்கை நம்பிக் கடலில் இறங்கியவரும், குளிப்புக் காலத்துக்கென வள்ளம் கட்டியவரும், மரிச்சுக்கட்டி மணலிற் கடை விரித்தவரும் அவ்வரியில் இல்லர். சிப்பிகளின் தொகை ஒற்றை எண் வரையும் ஏடுகளில் உண்டு. குளித்தவர் வீட்டில் 1908இல் அடுப்பெரிந்ததோ என்பதை அறிய அவ்வேடுகள் உதவா.

இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் சற்றே இலேசானது என்பதே நம் கிணறுகளின் ஆதாரம். 1889இல் கைபென் என்னும் ஒல்லாந்தரும் 1901இல் ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் செருமானியரும் தனித்தனியே கண்ட விதியின்படி, கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 அடி நன்னீர் உண்டு. மேலே ஓரடி இறைத்து இறக்கினால், கீழேயிருந்து உவர் 40 அடி ஏற முற்படும். துலாவில் இறைத்த காலத்தில் மனிதத் தோளின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குத் தோளில்லை.

எங்கள் தோட்டக் கிணற்றின் உட்சுவரில் அப்பப்பா வெட்டுவித்த அடையாளம் ஒன்று உண்டு. பங்குனியில் நீர் அதற்குக் கீழே போனால் இறைப்பை நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்டளையாம். கயிறு விட்டு அளந்து பார்த்தேன். நீர் அடையாளத்துக்கு மேல் ஒரு முழம் நின்றது. அப்பம்மா சிரித்தார். “அளவெல்லாம் சரிதான் தம்பி, வாயில விட்டுப் பார்” என்றார். தேநீருக்கு இப்போது அடுத்த ஒழுங்கைக் கோயிற் கிணற்றிலிருந்தே குடத்திற் கொண்டுவருகின்றனர்.