சந்திப்பின் செலவு யாருடையது? சென்னைப் போக்குவரத்து சிக்னல்களும் நிதி முறையும்

வளரும் நகரத்தில் போக்குவரத்து சிக்னலை ஒரு முறைச் செலவாகக் கணக்கிடுவதே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். கம்பத்தையும் விளக்கையும் ஒரு தடவை வாங்கினால் போதும். ஆனால் சந்திப்புக்கு வரும் வாகனங்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. பெருக்கத்துக்குக் காரணமான கட்டுமானங்களிலிருந்தே சிக்னலுக்கான நிதி வரவேண்டும். அது தொடர்ந்தும் வரவேண்டும்.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. நேற்றுவரை ஊராட்சிச் சாலையாக இருந்தது இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலாகிவிட்டது. சிக்னல் எங்கே தேவை என்று சொல்லும் இந்திய சாலைப் பேராயத்தின் 1985ஆம் ஆண்டு நெறிமுறையோ (ஐ.ஆர்.சி. 93) நடந்து முடிந்ததையே பார்க்கிறது. சிக்னலால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகள் 12 மாதத்தில் ஐந்தோ அதற்கு மேலோ பதிவாகியிருப்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தேவையற்ற சிக்னல்களைத் தடுக்க இத்தகைய நிபந்தனைகள் வேண்டும்தான். ஆனால் ஆயிரம் வீடுகள் வரப்போவதைக் கட்டட அனுமதிக் கோப்பே சொல்லும்போது, விபத்துக் கணக்குக்காகக் காத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது.

வளர்ச்சி சிக்னலை எப்படித் தாக்குகிறது என்பதை எண்களில் பார்க்கலாம். பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சிக்கூடத்தின் வெப்ஸ்டர் 1958இல் வகுத்த சூத்திரம் இன்றும் பாடநூல்களில் உள்ளது. விளக்கு மாறும்போது ஒரு சுற்றில் வீணாகும் நொடிகளை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்ட வேண்டும். சந்திப்பின் கொள்ளளவில் வாகனங்கள் எடுத்துக்கொள்ளும் பங்கை 1இலிருந்து கழித்து, அந்த மீதியால் முந்தைய தொகையை வகுக்க வேண்டும். வருவதே உகந்த சுற்று நேரம். வீணாகும் நேரம் 12 நொடி, பங்கு 0.70 என்றால் சுற்று சுமார் 77 நொடி. பங்கு 0.85 ஆனால் அது 153 நொடி. வாகனங்கள் கூடியது ஐந்தில் ஒரு பங்கு அளவே. சுற்று நேரமோ இரு மடங்காகிவிட்டது. இந்த நிலையில் நேரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. வலப்பக்கத் திருப்பத்தைத் தடுப்பது, இடப்பக்கத்துக்குத் தனித்தடம் ஒதுக்குவது என்று சந்திப்பையே திருத்த வேண்டும். அதற்குப் பொறியாளரும் பணமும் வேண்டும். விளக்கு வாங்கிய டெண்டரில் இவை இரண்டும் இருப்பதில்லை.

நடப்பவர் கணக்கு இதைவிடக் கறாரானது. 24 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 20 நொடி வேண்டும். முழங்கால் வலியோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் மூதாட்டிக்கு 30 நொடி. வாகன வரிசையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்தப் பத்து நொடிதான். கோயம்புத்தூரில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்தி யூ-டர்ன் முறை கொண்டுவந்ததை ஆதரிப்போர், காத்திருப்புக் குறைந்ததைச் சுட்டுகிறார்கள். வாகன ஓட்டிகளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஓட்டம் எங்கும் நிற்காவிட்டால் நடப்பவர் எந்த இடைவெளியில் கடப்பது? தனிப் பாதசாரி சிக்னல் இல்லாத யூ-டர்ன் திட்டத்தை நான் அரைத் திட்டமாகவே மதிப்பிடுகிறேன்.

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. சென்னையில் விளக்கு காவல்துறையிடம். சாலை மாநகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ. தோண்டுவது குடிநீர் வாரியம், மின்வாரியம், மெட்ரோ ரயில். புதுத் தார் போட்டால் நிறுத்தக் கோடு மறைகிறது. வாகனங்களை உணரச் சாலையில் பதித்த கம்பியும் அறுபடலாம். வாகன வரத்துக்கேற்ப நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் தகவமைப்பு சிக்னல்களும் பராமரிப்புக்கு விலக்கல்ல. தடம் பிசகாத ஓட்டத்துக்கென வடிவமைத்த உணர்கருவி, முன்வரிசை இடுக்கெல்லாம் நிரம்பும் இருசக்கர வாகனங்களைச் சரியாக எண்ணாது. கேமராவை மறைக்க ஒரு மரக்கிளை போதும். சென்னைக்கான நுண்ணறிவுப் போக்குவரத்துத் திட்டத்துக்கு 2018இல் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடன் கருவியை வாங்கித் தரும். கிளையை வெட்டுவதும் நேரத்தைத் திருத்துவதும் அன்றாடச் செலவாகவே நிற்கும்.

அபராதத் தொகையைக் கொண்டு இந்த அன்றாடச் செலவைச் சமாளிக்கலாம் என்ற யோசனை ஆபத்தானது. மஞ்சள் விளக்கின் நேரத்தை நிர்ணயிப்பவரே மீறலால் வருமானம் பெறும் நிலை வரக்கூடாது. விளம்பரதாரர் நிதியும் உதவாது. அது கூட்டம் உள்ள இடத்தைத் தேடுமே தவிர ஆபத்துள்ள இடத்தையல்ல. பொருத்தமான வழி ஏற்கெனவே சட்டத்தில் உண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 63-பி பிரிவு, கட்டட அனுமதியின்போது உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் வசூலிக்க இடம் தருகிறது. அதில் ஒரு பங்கை அந்தக் கட்டடத்தைச் சுற்றியுள்ள சந்திப்புகளுக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்ததாரருக்குப் பணம், சிக்னல் பிழையின்றி இயங்கிய நாட்களுக்கே தரப்பட வேண்டும்.

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே வந்துவிட்டது. அந்தத் தனிக் கணக்கை அக்குழுமமே பொறுப்பேற்று நடத்தட்டும்; ஒவ்வொரு சிக்னலுக்கும் கடைசியாக நேரம் திருத்திய தேதியை ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடட்டும்.