பல்கலைக்கழகமா, கட்டுப்பாட்டுக் கோபுரமா?

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் கணிதப் பிரிவு மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்பது இது: வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சிக்கு நேரடியாகப் போவதா, முதலில் பட்டம் முடிப்பதா?

இலங்கையில் இந்தச் சேவையை நடத்துவது அரசுக்குச் சொந்தமான விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம். அனுமதிப்பத்திரம் வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. எனவே உள்ளூரில் இந்தத் தொழிலுக்குப் பல வாசல்கள் இல்லை. ஆட்சேர்ப்பு அறிவித்தலும் ஒவ்வொரு வருடமும் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

என்ன தகுதி வேண்டும்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் பட்டம் கேட்பதில்லை. அனுமதிப்பத்திரம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் தேவை. பார்வை, நிறம் பிரித்தறிதல், செவிப்புலன் எல்லாம் அதில் சோதிக்கப்படும். ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்படுவார்.

வகுப்பறைப் பயிற்சியும் பாவனைக் கருவிப் பயிற்சியும் முடிந்த பிறகு, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் உண்மையான விமானங்களைக் கையாள வேண்டும். கோபுரம், அணுகு கட்டுப்பாடு, பிராந்தியக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குத் தனித்தனித் தரப்படுத்தல் உண்டு. ஓரிடத்தில் பெற்ற தரப்படுத்தல் இன்னோரிடத்துக்குத் தானாகச் செல்லாது. இரத்மலானைக் கோபுரத்தில் தகுதி பெற்றவர் பலாலிக்கு மாறினால் அங்கும் பயிற்சி பெற்றே தீர வேண்டும்.

எங்கே ஆபத்து?

பயிற்சியின் இடையில் தேறாமல் போகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வேலையில் நிலைத்தவரும் உடல்நலக் குறைவால் மருத்துவச் சான்றிதழை இழந்தால் கட்டுப்பாட்டு மேசையில் இருக்க முடியாது. இந்த அனுமதிப்பத்திரத்துக்கு வேறு துறைகளில் பெறுமதி குறைவு. பட்டம் கைகொடுப்பது அப்போதுதான்.

மறுபக்கம், பட்டத்துக்காகக் காத்திருப்பதற்கும் விலை உண்டு. கொவிட், வேலைநிறுத்தங்கள் என்று நான்கு வருடப் படிப்பு இழுபட்டதை அண்மையில் பார்த்தோம். இந்தத் தொழிலிலோ வயதெல்லை இறுக்கமானது. அமெரிக்காவில் 31 வயதுக்கு முன் சேர வேண்டும், 56 வயதில் கட்டாய ஓய்வு. பிரித்தானியாவில் 18 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம், பட்டம் தேவையில்லை.

எனது பார்வை

நியமனக் கடிதம் கையில் இல்லாதவர், அறிவித்தல் வரும் என்ற நம்பிக்கையில் பல்கலைக்கழக அனுமதியைக் கைவிடக் கூடாது. ஒரு வருடப் பெறுபேற்றின் இசட் புள்ளிக்குக் கிடைக்கும் இடம் அந்த வருடத்துக்கு உரியது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்குத் தோற்றக்கூடியதும் மூன்று தடவைகள்தான். படித்துக்கொண்டே அறிவித்தலைக் கவனித்து விண்ணப்பிக்கலாம்.

கடிதம் கையில் இருந்தால் கணக்கு வேறு. இரவுக் கடமையும் முறைமாற்று வேலையும் ஒத்துவருமா, ஒரே நேரத்தில் பல விடயங்களை மனதில் வைத்து நிதானமாகப் பேச முடியுமா என்று தன்னைத்தானே கேட்டு, ஆம் என்றால் போகலாம் என்பேன். கையெழுத்திடுமுன் மூன்றைப் பார்க்க வேண்டும்: பிணைமுறி எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும், பயிற்சியில் தேறாவிட்டால் வேறு பதவி உண்டா.

பட்டத்தைப் பிறகும் பெறலாம். திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உள்ளன. முறைமாற்று வேலையுடன் படிப்பது கடினம்தான், ஆனாலும் அந்தக் கதவு வயதால் மூடப்படுவதில்லை.

எந்த வழியில் போனாலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். நிறக்குருட்டுச் சோதனையையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். அதில் சிக்கல் இருந்தால், வருடங்களைச் செலவிடுவதற்கு முன் அறிந்துகொள்வது நல்லது.