ஒஸ்மன் ஹில்லும் மலைநாட்டுத் தேவாங்கும்

ஒரு விலங்கின் விஞ்ஞானப் பெயரை நூல்களில் எழுதுமிடத்து, அதன் பின்னே ஓர் அறிஞரின் பெயரையும் ஓர் ஆண்டையும் சேர்த்தெழுதுதல் மரபு. அவ்விலங்கை முதன்முதலாக முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் இவர் என்பதை அக்குறிப்பு உணர்த்தும். ஹோட்டன் சமவெளியில் வாழும் தேவாங்கைப் பற்றி எவர் எழுதினும் ‘ஹில், 1942’ என்ற குறிப்பை விட்டு எழுதுவதில்லை. அந்த ஹில், விலங்கியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். மருத்துவ மாணவருக்கு மனித உடலின் உறுப்பமைப்பைக் கற்பித்த உடற்கூற்றியற் பேராசிரியர்.

வில்லியம் சார்ள்ஸ் ஒஸ்மன் ஹில் 1901 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிற் பிறந்து, அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலேயே பயின்றவர். 1930 ஆம் ஆண்டில் கொழும்பு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியற் பீடத்தை ஏற்று இலங்கைக்கு வந்தார். வகுப்பு முடிந்ததும் அவர் கவனம் குரங்கினத்தின்பாற் சென்றது. பதின்மூன்றுக்குக் குறையாத குரங்கின வகைகளையும், கிளிகள், ஆமைகள், கீரிகள் முதலியவற்றையும் தம் சொந்தச் செலவிற் பேணி வளர்த்தார்.

மனித உடலைக் கற்பிப்பவருக்குக் குரங்கின் உடல் எதற்கு என வினவலாம். உறுப்பொன்று ஏன் இவ்வாறு அமைந்தது என்பது அவ்வுறுப்பை மட்டும் நோக்கினால் விளங்காது. ஒத்த உறுப்புகளோடு வைத்து நோக்கினாலே விளங்கும். தேவாங்கின் கையிலே சுட்டுவிரல் மிகக் குறுகியிருக்கும். பெருவிரலோ ஏனைய விரல்களுக்கு எதிராக அகன்று நின்று, மரக்கிளையைக் குறடு பிடிப்பதுபோலப் பற்றும். மனிதன் எழுதுகோல் பிடிக்கும் கையும் அக்கையும் ஒரே அமைப்பின் இரு வேறுபாடுகளே. இத்தகைய ஒப்பீட்டிலேதான் ஹில் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

தேயிலைத் தோட்டத்துரையும் இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதியவருமான பிலிப்ஸ் என்பாருடன் சேர்ந்து 1932 இல் ஒரு தேவாங்கு வகைக்கும், 1933 இல் தனித்து வேறொரு வகைக்கும் பெயரிட்டார். 1942 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில், ஹோட்டன் சமவெளித் தேவாங்கையும் மலைநாட்டுக் குரங்கின் ஒரு வகையையும் விவரித்தார். குளிர் மிகுந்த அவ்வுயர்நிலத் தேவாங்குக்கு மயிர் அடர்ந்தும் கைகால்கள் குறுகியும் இருந்தமையால், ‘நிக்டிசெபொயிடிஸ்’ என்று பெயரிட்டார். கீழைநாடுகளின் பருத்த தேவாங்கினத்தை ஒத்தது என்பது அதன் பொருள்.

1945 இல் அவர் எடின்பரோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். வளர்த்த உயிரினங்கள் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலைக்கும் தெஹிவளைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பின்னர் 1950 முதல் இலண்டன் விலங்கியற் கழகத்திலும், 1962 முதல் அமெரிக்காவின் அத்திலாந்தாவிலுள்ள குரங்கின ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார். குரங்கினத்தின் ஒப்பீட்டு உடற்கூற்றைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்றொகுதி 1953 இல் வெளிவந்தது. எட்டாந் தொகுதி 1970 இலும், ஏழாந் தொகுதி அதன் பின்னர் 1974 இலும் வந்தமை சற்று விந்தையே. படங்கள் பலவற்றை மனைவியார் இவோன் வரைந்தார். ஒன்பதாந் தொகுதி நிறைவுறுமுன்னரே, 1975 இல் ஹில் காலமானார்.

அவர் எழுதியன யாவும் ஒரே மதிப்புடன் நிலைத்தன என்று கூறுதல் பொருந்தாது. வேடரின் உடலை அளந்து எழுதிய ஆராய்ச்சி, மனிதரை அளவுகோலால் இனம் பிரித்த ஒரு காலத்தின் வழியது. அவ்வழி இன்று கைவிடப்பட்டது. தேவாங்கு வகைகளை அவர் பகுத்த முறையையும் பின்வந்தோர் மாற்றினர். 1932, 1933 ஆம் ஆண்டுகளில் அவர் பெயரிட்ட வகைகள் இன்று வேறோர் இனத்தின்கீழ் வைக்கப்படுகின்றன. ஆயினும் அவர் பெயரும் ஆண்டும் அழிக்கப்படவில்லை. பகுப்பை மறுப்போரும் விவரணத்தை எடுத்தாள வேண்டியவராகின்றனர். மறுப்பதற்கும் அதுவே முதலாவணம்.

இதன் பயன் ஹோட்டன் சமவெளியிலே தெளிவாயிற்று. 1937 இற்குப் பின்னர் அத்தேவாங்கைக் கண்டதாக வந்த செய்திகள் மிகச் சிலவே. அது அற்றுப்போயிற்று என்று கருதினோரும் உளர். 2009 இல் இலங்கை ஆராய்ச்சியாளரும் இலண்டன் விலங்கியற் கழகத்தினரும் இரவிரவாகக் காடுகளிலே தேடி அதனைக் கண்டு, முதன்முதலாக நிழற்படம் எடுத்தனர். 2010 இல் அச்செய்தி உலகெங்கும் பரவியது. கையில் அகப்பட்ட சிற்றுயிர் எதுவென்று துணிவதற்கு, குறுகிய கைகாலும் அடர்ந்த மயிரும் என 1942 இல் எழுதிவைத்த அடையாளங்களே துணைநின்றன.

அது வாழும் மலைக்காடோ, தேயிலைக்காக வெட்டப்பட்டவை போக எஞ்சிய துண்டுகளாகவே உள்ளது. தரையில் நெடுந்தூரம் நடக்கவியலாத தேவாங்கு, கிளையோடு கிளை தொடாத இடைவெளியைக் கடந்து அடுத்த காட்டை அடைதல் அரிது. சமவெளியின் மேட்டுக் காடுகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போவதும் அண்மைப் பதிற்றாண்டுகளில் அவதானிக்கப்பட்டுள்ளது.