பல்புழுவும் ஆணியும்: ஒரு பாபிலோனிய மந்திர வரி குறித்து

பற்சொத்தையைப் புழுவின் வேலையாகக் கருதிய மரபின் தொன்மைக்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள புதிய பாபிலோனியக் காலத்து ஆப்பெழுத்துப் பலகை ஒன்றே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகிறது. அதிலுள்ள மந்திரத்தின் நடுவே, ஆணியை அறைந்து காலைப் பிடிக்குமாறு ஏவும் வரி ஒன்று வருகிறது. 1950-இல் வெளிவந்த தொகுப்பு நூலுக்காக இதை ஆங்கிலத்தில் பெயர்த்த ஸ்பைசர், பல்மருத்துவருக்கான கட்டளை இது என்று அடிக்குறிப்பொன்றில் சொல்லி முடித்துவிட்டார். அந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டு, 'கால்' எனப்படுவது பற்கூழே, அதாவது பல்லின் உட்குழியில் நரம்பும் குருதிக்குழாய்களும் செறிந்த மென்திசுவே என்றும், அதை ஊசியால் இழுத்தெடுக்கும் சிகிச்சை பாபிலோனில் வழங்கியது என்றும் கொள்வது எளிதாயிற்று.

மந்திரத்தின் போக்கு இவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை. வானிலிருந்து மண்ணும், மண்ணிலிருந்து ஆறும், ஆற்றிலிருந்து கால்வாயும், கால்வாயிலிருந்து சேறும், சேற்றிலிருந்து புழுவும் பிறந்த வரலாற்றைக் கூறிய பின், ஷமாஷ், ஏயா ஆகிய தெய்வங்களின் முன் அழுது நின்ற புழு, தனக்கு அளிக்கப்பட்ட அத்திப்பழத்தை ஏற்க மறுத்துப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குடியிருப்புக் கேட்கிறது. ஆணி வரி அதையடுத்து வருகிறது. அதற்கும் அடுத்த வரியில் புழுவை ஏயா தன் கைவலிமையால் தாக்கட்டும் என்ற சாபம் நிற்கிறது. சிகிச்சை முறையோ அதன் பின்னர்த் தனியாகத் தரப்படுகிறது: மதுவகை ஒன்றையும் எண்ணெயையும் பிறவற்றோடு கலந்து, மந்திரத்தை மூன்று முறை ஓதிப் பல்லின்மேல் வைக்க வேண்டும். ஆணியோ ஊசியோ அங்கே இல்லை. மருத்துவரின் கைக்கருவியைப் பற்றிய கட்டளை, மருத்துவம் சொல்லப்படும் பகுதியில் இடம்பெறாமல் புழுவின் வேண்டுகோளுக்கும் தெய்வத்தின் தண்டனைக்கும் இடையே புகுந்திருப்பதற்கு ஸ்பைசரின் குறிப்பில் விளக்கம் இல்லை.

மூலத்திலுள்ள 'சிக்கத்து' என்னும் அக்காதியச் சொல் சுவரிலும் தரையிலும் அறையப்படும் முளையையும் ஆணியையும் குறிப்பது. கட்டட அடித்தளங்களில் பதிக்கப்பட்ட களிமண் முளைகளுக்கும் அதுவே பெயர். ஆகவே இவ்வரி, தீய உயிரொன்றை அசையாதபடி அறைந்து நிறுத்தும் சடங்குமொழி எனக் கொள்வதே பொருந்தும். பல்வலி தீர மரத்தில் ஆணி அறையும் ஐரோப்பிய நாட்டுப்புற வழக்கம் இதற்கு இணையாகத் தோன்றினும், காலத்தால் மிகப் பிந்தியதாகையால் அதைச் சான்றாக நிறுத்த முடியாது.

புழுவை நரம்பாக்கும் வாசிப்பு பிற மரபுகளிலும் வலுப்பெறவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் பரிந்துரைத்த குரோசாணி ஓம விதைப் புகையும், தமிழகத்தில் பூச்சிப்பல்லுக்குப் பிடிக்கப்பட்ட கண்டங்கத்திரி விதைப் புகையும் புழுவை உயிருள்ள பிராணியாகவே கருதி வெளியேற்ற முயல்கின்றன. அப்புகை பிடிக்கும்போது விழுந்து புழுக்களாகத் தோன்றியவை பல்லிலிருந்து வந்த புழுக்களல்ல, சூட்டில் வெடித்த விதைகளின் முளைக்கருக்களே என்பதை 1757-இல் ஷேஃபர் தம் ஜெர்மன் நூலில் காட்டினார். எனினும் புழுவுக்குக் கால் ஏது என்ற வினா எஞ்சுகிறது. கால் என்பது பல்லின் வேரைக் குறிக்குமாயின் அது பல் பிடுங்குதலைச் சுட்டக்கூடும் என்பதை முற்றிலும் தள்ளிவிட இயலாது.

காலக்கணிப்பிலும் சிக்கல் உண்டு. பலகையின் நிறைவுக் குறிப்பு, இது பழைய மூலமொன்றைப் பார்த்து எழுதிய படி என்கிறதேயன்றி அதன் வயதைக் கூறவில்லை. மாரி நகரில் கிடைத்த, கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஹுர்ரிய மொழி மந்திரமொன்றின் அக்காதியத் தலைப்பை ஸ்பைசர் 'பல்வலி மந்திரம்' என்று பெயர்த்து, பல்புழு மரபின் பழமைக்கு ஆதரவாகச் சுட்டினார். அத்தலைப்பில் இருப்பதோ 'புழு மந்திரம்' என்பது மட்டுமே. அதன் வாசகம் புதிய பாபிலோனியக் கதையோடு ஒத்துப்போகவில்லை என்பதை அவரே ஒப்புகிறார். எனவே பல்புழு நம்பிக்கையை மாரி காலம் வரை கொண்டுசெல்வதற்கு அத்தலைப்பு மட்டும் போதாது.