தூண்டிலும் தோட்டமும்

சூதாட்டத்தில் கிட்டும் வெற்றியை, இரையென்று எண்ணி மீன் விழுங்கும் தூண்டிலிரும்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இரை காட்டி மீன் பிடித்தல் அத்துணைப் பழமையானது. இரையே இல்லாமல் அதன் பொய்யுருவைக் காட்டிப் பிடித்தலும் நெடுங்காலத்து வழக்கமேயாகும். மாசிடோனிய ஆற்றங்கரை மக்கள் தூண்டில் முள்ளில் செங்கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடியருகே வளரும் இறகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே உரோமானிய எழுத்தாளர் ஏலியன் குறித்து வைத்தார். நீர்மேல் அமரும் ஈயென்று மயங்கி மீன் அதனைக் கவ்வும்.

இப்பொய்ப்பூச்சிக் கலையை ஆங்கிலேயர் தம் ஆட்சி பரவிய இடங்களுக்கெல்லாம் கொண்டு சென்றனர். அதற்குரிய டிரவுட் மீனையும் உடன் கொணர முயன்றனர். 1860களில் நீலகிரியில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. 1882இல் இலங்கையின் நுவரெலியாவுக்கு மீன்முட்டைகள் கொணரப்பட்டன. 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் எழுந்தது. குளிர்ந்த மலைநீரில் அம்மீன் வாழ்ந்தது. சமவெளிக் குளங்களின் மீன்களும் தூண்டிலுக்கு உரியனவே என்று காட்ட, சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் 1887இல் தனி நூலொன்றே எழுதினார்.

அக்குளங்களும் ஏரிகளும் நிறைந்த தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்துதான் மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்தொகையாக வந்தனர். 1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றியபின், துரைமார் சிலர் சுங்கை ஊஜோங் பக்கம் திரும்பினர். இன்றைய நெகிரி செம்பிலானில் லின்சம் முதலான தோட்டங்கள் உருவாயின. காப்பி நின்ற நிலத்தில் பின்னர் இரப்பர் ஓங்கியது. இங்குள்ள தாழ்நில நீரோ வெதுவெதுப்பானது; டிரவுட் வாழ ஏற்றதன்று. ஓடைகளிலும், குளங்களிலும், கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளிலும் வாழ்ந்தவை விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை போன்றவையே. துரைக்கு மீன்பிடித்தல் பொழுதுபோக்கு. அரிசியும் கருவாடும் கொண்டு வயிறு நிரப்பிய தொழிலாளிக்கு அது கறி.

மூங்கில் கழி, முறுக்கிய நூல், ஒரு முள், மண்புழு ஆகியவற்றோடு அமைந்தது ஏழையின் தூண்டில். கருவி எளிது; அதற்குப் பின்னிருந்த அறிவு எளிதன்று. விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே தீரவேண்டிய மீன். அது குமிழ்விடும் இடத்தைக் கண்டவன் அதன் இருப்பிடத்தை அறிவான். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் திரிந்தால் தாய்மீன் அருகிலேயே காவல் நிற்கும். தவளையை அது விட்டு வைப்பதில்லை. எனவே உயிர்த்தவளையை முள்ளில் கோத்தனர். இந்நாட்டு மீன்பிடியாளர் மென்மரத்தைத் தவளையாகச் செதுக்கி, பின்புறம் இழைக்குஞ்சமும் முள்ளும் பொருத்தி, நீர்மேல் துள்ளும்படி இழுத்தும் பிடிக்கின்றனர். மாசிடோனியரின் இறகுப் பூச்சிக்கும் இம்மரத் தவளைக்கும் அடிப்படை ஒன்றே: மீனின் பசியை அறிந்து அதன் கண்ணை ஏமாற்றுதல்.

தோட்டத்து நீர்நிலைகள் ஒரே பொருளை எல்லார்க்கும் தந்ததில்லை. மருத்துவருக்கு அவை மலேரியாவின் தொட்டில். மால்கம் வாட்சன் வழிகாட்டிய கொசு ஒழிப்பு முறைப்படி ஓடைகளில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. அப்பணி எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் தொழிலாளியின் கண்ணுக்கு அதே நீர் உணவுக் களஞ்சியம். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-45) அரிசி அருகி மரவள்ளிக் கிழங்கே உணவானபோது, குட்டையில் கிடைத்த மீனின் மதிப்பு பன்மடங்காயிற்று. இன்று குட்டைதோறும் காணப்படும் திலாப்பியாவும் அக்காலத்தில் சாவகத்திலிருந்து வந்ததே.

தூண்டில் ஒரு மீனை எடுக்கும். தூபா வேரின் நஞ்சோ குஞ்சு முதலாக அனைத்தையும் அழிக்கும். அந்நஞ்சுக்குப் பின், ஆலைக்கழிவு நீரைக் கெடுத்தது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977, 1978 ஆண்டுகளில் செம்பனை, இரப்பர் ஆலைக்கழிவுகளுக்கான விதிகளும் பிறந்தன. அதற்குள் பல ஓடைகளின் மீன்வளம் குன்றியிருந்தது. பின்னர் இரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. சிரம்பான், நீலாய் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பெயர்ந்தனர், குட்டைகள் தூர்ந்தன.

துரைமாரின் பொய்ப்பூச்சிக் கலைக்கு நூல்கள் உண்டு, சங்கங்கள் உண்டு. தோட்டத் தமிழனின் தூண்டிலறிவுக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. எந்த மீன் எந்நேரத்தில் எதனைக் கவ்வும், எந்தக் குட்டை எந்தத் திங்களில் வற்றும் என்னும் செய்திகள் முதியோர் நினைவிலேயே எஞ்சியுள்ளன. மரம் வெட்டிய கணக்கைத் தோட்ட நிர்வாகம் எழுதி வைத்தது. வேலை முடிந்தபின் அம்மனிதன் தன் குடும்பத்துக்காக நீரோரம் நின்ற பொழுதை எழுதி வைக்க வேண்டியவர் நாமே.